பிசிபிக்கு இங்க்ஜெட் பிலிம்: கொழும்பில் எதைப் பார்த்து வாங்குவது?

தெஹிவளை_செம்பு · ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மட்டக் கட்டுப்பாட்டு போட் (பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை) செய்துகொண்டிருக்கிறேன். அதில் வரும் சிப் ஏடிமெகா328, டிகியூஎப்பி என்ற தட்டை வடிவம், 32 கால். கால்களுக்கு இடையே 0.8 மி.மீ. இதுவரை லேசர் பிரிண்டை அயன்பொக்ஸால் தேய்த்து ஒட்டும் முறையில்தான் போட் செய்து வந்தேன். தடித்த கோடுகளுக்குப் பரவாயில்லை. இந்தச் சிப்புக்கு வந்ததும் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்று தகடு வீண். அதனால் ட்ரை பிலிம் (யூவி பட்ட இடம் மட்டும் இறுகும் படலம்) ஒட்டி யூவி வெளிச்சத்தில் பதிக்கும் முறைக்கு மாறுகிறேன்.

ட்ரை பிலிம் இணையத்தில் எடுத்துவிட்டேன். நகப்பூச்சு காயவைக்கும் யூவி லைட்டை வெள்ளவத்தையில் ஓர் அழகுசாதனக் கடையில் வாங்கினேன். கடைப் பிள்ளை "அக்காவுக்கா, அண்ணிக்கா?" என்று கேட்டது. செம்புத் தகட்டுக்கு என்று சொல்லத் துணிவு வரவில்லை.

இப்போது சிக்கல், படத்தை அடித்து அதன்மேல் வைக்கும் ட்ரான்ஸ்பேரன்சி பிலிமில். காலி வீதியில் ஒரு புத்தகக்கடையில் "ஓஎச்பி சீட்" கேட்டு 10 தாள் வாங்கினேன். என் பிரிண்டர் எப்சன் எல்3110. அடித்தால் மை சேம்பிலையில் விழுந்த மழைத்துளி மாதிரித் திரண்டு நிற்கிறது. ஒரு இரவு முழுக்க வைத்தும் காயவில்லை. விரல் பட்டால் துடைத்த மாதிரி போய்விடுகிறது. பிலிமில் பிழையா, மையில் பிழையா?

பழைய_சாலிடர் · ஞாயிறு, இரவு 9.52

தம்பி, அவர் தந்தது போட்டோகொப்பி மெஷினுக்கான தாள். அது வெறும் பொலியெஸ்டர். டோனர் தூள் சூட்டில் உருகித் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேலே ஒன்றும் பூச வேண்டியதில்லை. உங்கள் எப்சன் மை பெரும்பாலும் தண்ணீர். அதை உறிஞ்சிப் பிடிக்க ஒரு பூச்சு வேண்டும். இங்க்ஜெட்டுக்கென்று வரும் பிலிமில் அந்தப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். விரல் நுனியை நாக்கில் தொட்டு, தாளின் மூலையில் வைத்து எடுங்கள். இலேசாக ஒட்டினால் அதுதான் மை பிடிக்கும் பக்கம். இரண்டு பக்கமும் வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெட்டியைத் திறக்கவே விடாத கடையில் இந்தச் சாமான் வாங்காதீர்கள்.

மாறியும் செய்துவிட வேண்டாம். நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் இங்க்ஜெட் பிலிமை லேசர் பிரிண்டருக்குள் விட்டார். பூச்சு உருகி உள்ளே சூட்டு உருளையில் சுற்றிக்கொண்டது. பிரிண்டரைத் திறந்து சுரண்டியவன் நான்தான், அதனால் நல்ல ஞாபகம். புத்தகம் பைண்ட் பண்ணும்போது மேலே போடும் கண்ணாடித் தாளும் உதவாது. அது பெரும்பாலும் பிவிசி. மையும் பிடிக்காது, சூடும் தாங்காது.

கொட்டாஞ்சேனை_சும்மா · ஞாயிறு, இரவு 10.05

சீனாவில் 10 க்கு 10 செ.மீ. போட் ஐந்து, 2 டொலருக்கு அடித்துத் தருகிறார்கள். இரண்டு பக்கம், துளை எல்லாம் போட்டு, பச்சைப் பூச்சோடு. ஏன் இந்த வேண்டாத வேலை?

பழைய_சாலிடர் · ஞாயிறு, இரவு 10.11

அனுப்பும் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. கடைசிப் போட்டை அங்கே கொடுங்கள். சனிக்கிழமை யோசித்ததை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க வேண்டுமென்றால் வீட்டில்தான் செய்ய வேண்டும்.

கட்டுபெத்தை_பையன் · திங்கள், காலை 7.40

அண்ணா, பிலிமை மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்விதான். மற்றப் பாதி மை.

கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் யூவிக்குக் கறுப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் கழியூதா என்று படித்தோமே, அந்த வெளிச்சம் உங்கள் கறுப்பைத் தாண்டிப் போகலாம். இதை அடர்த்தி என்ற எண்ணால் சொல்வார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் கடக்கும், 2 என்றால் நூற்றில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 3 கிடைத்தால் கவலையே வேண்டாம். 2 என்றால் நேரத்தைக் கணக்காகப் பிடித்தால் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் கறுப்புக்குக் கீழேயும் ட்ரை பிலிம் இறுகத் தொடங்கிவிடும்.

எல்3110இல் நாலு நிறமும் டை மை, அதாவது தண்ணீரில் முழுதாகக் கரைந்த சாயம். கெனன் ஜி2010 போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், அதாவது நுண்ணிய கரித்தூள் மிதக்கும் மை. மற்ற மூன்று நிறமும் டை. கரித்தூள் யூவியை நன்றாக மறிக்கும். டை கறுப்பு அவ்வளவு நம்பகமில்லை. உங்களிடம் இருப்பது டை என்பதால் மையைக் கூடுதலாகக் கொட்ட வேண்டும். கூடுதலாகக் கொட்டினால் அதைத் தாங்கும் பிலிம் வேண்டும். சுற்றிச் சுற்றிப் பிலிமுக்கே வந்துவிட்டோம்.

மருதானை_அச்சு · திங்கள், மதியம் 12.30

இதற்கு நான் பதில் சொன்னால்தான் சரி. நானும் தம்பியும் டீசேட்டுக்கு ஸ்க்ரீன் பிரிண்ட் செய்கிறோம். பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலத்தில் ஒரு கிழமைக்கு இருபது பிலிம் அடிப்போம். உங்களுக்கு வேண்டிய பிலிம் புத்தகக்கடையில் இல்லை. ஸ்க்ரீன் பிரிண்டிங் மையும் மெஷ்ஷும் விற்கும் கடையில் "வோட்டர்புரூப் இங்க்ஜெட் பிலிம்" என்று கேளுங்கள். நாங்கள் பிலிம் பொசிட்டிவ் எடுப்பது அதில்தான். எங்கள் ஸ்க்ரீனில் பூசும் இமல்ஷனும் யூவியில் இறுகுவதுதான், உங்கள் ட்ரை பிலிமும் அதேதான். சாமான் வேறு, வேலை ஒன்று.

பார்த்ததும் ஏமாந்துவிடாதீர்கள். இது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்காது. ஆடை நீக்கிய பாலில் தண்ணீர் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து "பழசு தருகிறீர்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்த மங்கலுக்குக் காரணம் பூச்சில் இருக்கும் நுண்துளைகள். மை அந்தத் துளைகளுக்குள் உடனே இறங்கிவிடும். பிரிண்டரை விட்டு வெளியே வரும்போதே கையால் தொடலாம்.

தெளிவான பிலிமில் இருப்பது வேறு வகைப் பூச்சு, ஜெலட்டின் மாதிரி ஊறி வீங்கி மையைப் பிடிப்பது. ஏசி அறையில் அருமையாக இருக்கும். கொழும்பு ஈரத்தில், அதுவும் மே மாதம் மழை பிடித்ததும், அது காயவே காயாது. இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரித்தெடுக்கும்போது படமும் சேர்ந்து வரும். எனக்கு ஒரு முழு ஓடர் அப்படிப் போனது. அன்றோடு தெளிவான பிலிமைக் கையால் தொடவில்லை.

மங்கல் யூவியைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் தடுக்கும். வெளிச்ச நேரத்தைச் சிறிது கூட்டினால் சரி. கறுப்பு கறுப்பாக நிற்பதுதான் முக்கியம்.

தெஹிவளை_செம்பு · திங்கள், பிற்பகல் 1.15

அக்கா, நன்றி. 100 தாள் கட்டாகத்தான் தருவார்களா? எனக்கு ஐந்தாறு போதும்.

மருதானை_அச்சு · திங்கள், பிற்பகல் 1.32

பெட்டி 100தான். ஆனால் சில கடையில் ஏ4 உதிரியாகத் தருவார்கள், கேட்க வேண்டும். ஒரு லஞ்ச் பார்சல் காசுக்கு நாலைந்து தாள் வரும். உதிரியாக வாங்கினால் எந்தப் பக்கம் பூச்சு என்று கடையிலேயே ஒரு மூலையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாள்களை அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பையில் வைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுங்கள். கையால் நடுவில் பிடிக்காதீர்கள். விரலடையாளம் விழுந்த இடத்தில் மை ஒட்டாது.

இன்னொன்று. பிலிம் தெளிவாக இருந்தால் சில பிரிண்டர்களுக்குத் தாள் வந்ததே தெரியாது. "தாள் இல்லை" என்று சொல்லும். முன்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கடதாசி ஒட்டிவிட்டால் எடுத்துக்கொள்ளும். மங்கல் பிலிமில் எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

நுளம்புவலை · திங்கள், மாலை 6.05

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பிலிமுக்குப் பதில் ட்ரேசிங் பேப்பர் பாவிக்க முடியாதா? என் தங்கை கட்டட வரைபடத்துக்கு வைத்திருக்கிறாள்.

பழைய_சாலிடர் · திங்கள், மாலை 6.40

லேசரில் அடித்தால் முடியும், தடித்த கோடுகளுக்கு. இங்க்ஜெட்டில் அடித்தால் ஈரத்தில் அப்பளம் மாதிரி நெளியும், தகட்டோடு ஒட்டி உட்காராது. 0.8 மி.மீ. கால் சிப்புக்கு வேண்டாம். லேசர் பிலிமிலும் ஒரு குறை இருக்கிறது: பெரிய கறுப்பு இடங்களை லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துவாரங்கள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். ட்ரை பிலிமுக்கு நெகட்டிவ் அடிக்க வேண்டும். அதில் முக்கால்வாசி கறுப்புத்தான், கோடுகள்தான் வெள்ளை. அதனால் அந்தத் துவாரங்கள் எல்லாம் போட்டில் செம்புப் பொட்டுகளாக வந்து நிற்கும்.

தெஹிவளை_செம்பு · புதன், இரவு 8.50

பிலிம் கிடைத்தது. மூன்றாவது கடையில். அக்கா சொன்ன மாதிரியே நானும் "பழசா?" என்று கேட்டுவிட்டேன், வாய் முந்திக்கொண்டது.

எல்3110இல் அடித்தேன். மை திரளவில்லை, உடனே காய்ந்தது. ஆனால் ஜன்னலுக்கு நேரே பிடித்தால் கறுப்பு கொஞ்சம் மண்ணிறமாகத் தெரிகிறது. பிளேன்டீ நிறம் என்று சொல்லலாம். பிறகு சிநேகிதன் வீட்டுக் கெனன் ஜி2010இல் முயன்றோம். பிக்மென்ட் கறுப்பு இருக்கிறதே என்று நம்பிக் காகித வகையில் போட்டோ கிளோசி, தரம் உயர்வு என்று தெரிந்தோம். அதுவும் மண்ணிறம்! எப்சனை விடவும் மோசம். பிக்மென்ட் கதை பொய்யா?

கட்டுபெத்தை_பையன் · புதன், இரவு 9.20

பொய் இல்லை அண்ணா. உங்களுக்குக் கறுப்பு மையே வரவில்லை.

போட்டோ தாள் என்று தெரிந்தால் அந்த வகைப் பிரிண்டர் பிக்மென்ட் கறுப்புத் தொட்டியைத் தொடாது. கரித்தூள் மினுங்கும் போட்டோ தாளில் சரியாக உட்காராது, தேய்த்தால் வரும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். சயன், மஜென்டா, மஞ்சள் மூன்று டை மையையும் கலந்து கறுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுத் தரும். பூதக்கண்ணாடி இருந்தால் கோட்டின் விளிம்பைப் பாருங்கள். நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும்.

சாதாரணத் தாள், தரம் உயர்வு, கறுப்பு வெள்ளை என்று போட்டு அடியுங்கள். அப்போதுதான் கறுப்புத் தொட்டி திறக்கும்.

இது நாம் நினைப்பதற்குச் சரியாக எதிர்மாறு. "நல்ல பிலிம், நல்ல செட்டிங்" என்று நினைத்துப் போட்டோவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதில் விழுந்திருக்கிறார்கள். நானும்தான். இரண்டாம் வருடச் செயற்றிட்டத்தில் ஒரு மாதம் பிலிமைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

எப்சனில் நிலைமை வேறு. நாலும் டை என்பதால் ஒளிக்க ஒன்றுமில்லை. அங்கே மேட் (மினுங்காத) போட்டோ தாள் என்று போட்டால் கறுப்போடு மற்ற நிறங்களும் சேர்ந்து மை கூடும். மஞ்சள் டை யூவியைக் கொஞ்சம் நன்றாகவே மறிக்கும் என்பதால் அது நல்லதுதான்.

மருதானை_அச்சு · புதன், இரவு 9.41

தம்பி சொன்னது சரி. ஸ்க்ரீன் பிரிண்ட்காரர் பலர் எப்சனில்தான் அடிக்கிறார்கள். ரிப் என்று ஒரு மென்பொருளைப் போட்டு, நிறத் தொட்டிகளிலும் கறுப்பையே ஊற்றி, மூன்று நாலு மடங்கு மை கொட்ட வைப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒன்று மட்டும்: மை கூடினால் கோடு தடிக்கும். உங்கள் நெகட்டிவில் கறுப்பு தடித்தால் கோடு மெலியும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_சாலிடர் · புதன், இரவு 10.02

இவ்வளவு பேசியும் ஒன்றை ஒருவரும் சொல்லவில்லை. தம்பி, மை உள்ள பக்கம் தகட்டைத் தொட வேண்டும். பிலிம் 100 மைக்ரோன் தடிப்பு, அதாவது 0.1 மி.மீ. மை மேல்பக்கம் இருந்தால் அந்த இடைவெளியில் வெளிச்சம் பக்கவாட்டில் புகுந்து கோட்டின் விளிம்பைத் தின்னும். நகப்பூச்சு லைட்டில் நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் வருவதால் இன்னும் மோசம்.

அதனால் மேல்பக்கச் செம்பைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றி அடியுங்கள். கீழ்ப்பக்கச் செம்பு என்றால் போட் வரையும் மென்பொருளான கீகேட்டில் திரையில் தெரிவதே மாறித்தான் இருக்கும், அதைத் திரும்ப மாற்றாதீர்கள். ஒரு எழுத்தைச் செம்பில் வையுங்கள். பிலிமை மை கீழே இருக்கும்படி பிடிக்கும்போது எழுத்து நேராக வாசிக்க வந்தால் சரி. மேலே 3 மி.மீ. ஜன்னல் கண்ணாடி ஒன்றை வைத்து நாலு பக்கமும் கிளிப் போடுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்த யூவியை விடும். அக்ரிலிக்கில் சிலது விடாது.

தெஹிவளை_செம்பு · சனி, மாலை 5.30

இன்று கால் நாள் சோதனையிலேயே போனது, ஆனால் தெளிவு கிடைத்தது. எழுதி வைக்கிறேன், பிறகு தேடி வருபவருக்கு உதவும்.

மூன்று பிலிம் எடுத்தேன். (அ) மங்கல் பிலிம், எப்சன், மேட் தாள் செட்டிங். (ஆ) மங்கல் பிலிம், கெனன், போட்டோ செட்டிங், அதாவது பிழையானது. (இ) மங்கல் பிலிம், கெனன், சாதாரணத் தாள். ஒவ்வொன்றிலும் பாதி கறுப்பு, பாதி வெறுமை. ட்ரை பிலிம் ஒட்டிய ஒரு நீளத் துண்டில் வைத்து, அட்டையால் மூடி, 30 விநாடிக்கு ஒரு முறை அட்டையைக் கொஞ்சம் இழுத்தேன். ஒரே துண்டில் 30 விநாடியிலிருந்து 10 நிமிடம் வரை இருபது படிகள்.

கழுவியது சோடியம் காபனேற்றில், லீட்டருக்கு 10 கிராம். கடையில் வோஷிங் சோடா கிடைக்காததால் குசினியில் இருந்த அப்பச்சோடாவை அவனில் 200 பாகையில் ஒரு மணிநேரம் வைத்தேன். அது காபனேற்றாக மாறிவிடும். அம்மா என்ன அப்பம் சுடுகிறாய் என்று கேட்டார்.

வெறுமைப் பக்கத்தில் ட்ரை பிலிம் 90 விநாடியில் உறுதியாக இறுகியது, மூன்றுக்கும் ஒரே மாதிரி. கறுப்புக்குக் கீழே வித்தியாசம் தெரிந்தது. (ஆ)வில் இரண்டரை நிமிடத்திலேயே நீலப் படலம் கழுவ வராமல் நின்றது. (அ)வில் ஆறு நிமிடம் வரை சுத்தமாகக் கழுவ வந்தது. (இ)யில் 10 நிமிடம் வரை ஒன்றுமே இல்லை, செம்பு பளிச்சென்று இருந்தது.

ஆகவே (ஆ)வில் எனக்கு விளையாட ஒரு நிமிடம்தான் இருந்தது. (இ)யில் மறந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம். மூன்றும் ஒரே பிலிம் என்பதுதான் எனக்கு நம்ப முடியவில்லை.

கட்டுபெத்தை_பையன் · சனி, மாலை 6.10

அருமை அண்ணா. அடர்த்திமானி இல்லாமல் அடர்த்தி அளந்திருக்கிறீர்கள். இறுகும் நேரத்துக்கும் கசியும் நேரத்துக்கும் உள்ள விகிதம்தான் உங்களுக்கு வேண்டியது. (அ)வில் 4 மடங்கு. அதுவே வேலைக்குப் போதும், ஆகவே கெனன் தேடி ஓட வேண்டியதில்லை. 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நுளம்புவலை · சனி, இரவு 7.25

வெயிலில் வைத்தால் ஆகாதா? கரண்ட் மிச்சம்.

பழைய_சாலிடர் · சனி, இரவு 7.50

ஆகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய கிழமையில் நான் மொட்டைமாடியில்தான் செய்தேன். ஆனால் ஒரு முகில் கடந்தால் நேரக் கணக்கு போய்விடும். இரண்டு மடங்கு போட்டாலும் கெடாத பிலிம் இருந்தால் மட்டும் வெயிலை நம்புங்கள். கிருமி கொல்லும் யூவி குழலை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, கண்ணைக் கெடுக்கும்.

தெஹிவளை_செம்பு · ஞாயிறு, இரவு 8.15

போட் வந்துவிட்டது. (அ) பிலிம், 2 நிமிடம். 32 காலும் தனித்தனியாக நிற்கின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், மல்டிமீட்டரிலும் பார்த்தேன். கோடு 0.25 மி.மீ. கேட்டேன், 0.22 அளவில் வந்திருக்கிறது. அக்கா சொன்ன மை தடிப்புத்தான். அடுத்த முறை 0.28 வரைந்தால் சரி.

ஒரு சந்தேகம். 100 மி.மீ. கோடு ஒன்று அடித்து அளந்தேன். குறுக்கே சரியாக 100. தாள் ஓடும் திசையில் 99.7. அளவு மாற்றாமல் அடி என்றுதான் போட்டேன்.

கட்டுபெத்தை_பையன் · ஞாயிறு, இரவு 8.40

பிலிம் வழுக்குவதால் உருளை கொஞ்சம் குறைவாக இழுக்கிறது. உங்கள் சிப்பின் உடல் 7 மி.மீ.தான். அதில் பிழை 0.02 மி.மீ. 20 கால் நீளக் கனெக்டரில் முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை 48.26 மி.மீ., அதில் 0.14 மி.மீ. துளைக்குள் அது அடங்கிவிடும். இரண்டு பக்கப் போட் செய்தால் இரண்டு பிலிமையும் ஒரே திசையில் ஓட விடுங்கள், பிழையும் ஒன்றாகவே இருக்கும்.

பழைய_சாலிடர் · ஞாயிறு, இரவு 8.58

0.3க்கெல்லாம் நித்திரை கெட வேண்டாம். செம்பை அரிக்கப் பாவித்த பெரிக் குளோரைட் மிச்சத்தை என்ன செய்தீர்கள்? வெள்ளவத்தைக் கால்வாயில் ஊற்றினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், செம்பு கரைந்த தண்ணீர் மீனுக்கு நஞ்சு. பிளாஸ்டிக் போத்தலில் மூடி வையுங்கள், இன்னும் நாலு போட்டுக்கு வரும். முடிந்ததும் வோஷிங் சோடா கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொங்கும். அடியில் படியும் சேற்றைக் காயவைத்துத் தனியாகக் கட்டி வையுங்கள். அது சரி, தாங்கி நிரம்புகிறதா?

தெஹிவளை_செம்பு · ஞாயிறு, இரவு 9.30

போத்தலில்தான் இருக்கிறது அண்ணை. தாங்கி நிரம்புகிறது. மிதவைக் கம்பி இரண்டையும் மாற்றிப் பூட்டியதால் இன்று பின்னேரம் நிரம்பிய பிறகும் மோட்டர் நிற்கவில்லை. கீழ்மாடி அன்ரி உடுப்புக் காயப்போட்டிருந்தார். இப்போது போய்க் கதைத்துவிட்டு வருகிறேன்.